கையக் காட்டுங்க

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்கார அம்மா என்னென்ன கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்த ஊர், எத்தனை பேர், குழாயைத் திறந்து விட்டுவிட்டு டி.வி. பார்க்கிற ஆளா, விருந்தாளிகள் அடிக்கடி வருவார்களா. வங்கி வேலையில் மாற்றலாகிக் கம்பத்துக்கு வந்த புதிதில், இதற்கெல்லாம் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அந்த வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்த அக்கா ஒன்றையும் கேட்கவில்லை.

“கையக் காட்டுங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வாசலில் நிறுத்தி ஒருத்தியின் கையைப் பார்ப்பதற்கு நம் பக்கத்தில் என்னென்னவோ அர்த்தம் உண்டு. திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். ஆனால் அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார்.

“கிரீமு போட்டிருக்கீக. பின்னாடி குழா இருக்கு. வெறும் தண்ணியில நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வாங்க.”

கழுவினேன். வீடு வேண்டுமே.

உள்ளே போனதும் காரணம் தெரிந்தது. கூடத்தில் ஒரு சுவர் முழுக்க மீன் தொட்டி. மூன்று பக்கம் சிமெண்டு, முன்பக்கம் மட்டும் கனத்த கண்ணாடி. ஜன்னலில் கெட்டித் திரை போட்டு வெளிச்சத்தைக் குறைத்திருந்தார். அந்த அரை இருட்டில் தரையோடு தரையாக ஒரு கெளுத்தி கிடந்தது. சந்தையில் கூறு கட்டி விற்கிற கெளுத்தியை நினைத்துக்கொள்ளக் கூடாது. என் கை நீளத்துக்கு இருந்தது. கறுத்த முதுகு, பக்கவாட்டில் சுண்ணாம்பு தீற்றியது போல் ஒரு வெள்ளை, வால் மட்டும் நல்ல சிவப்பு. செவ்வால் கெளுத்தி என்று பெயர், எங்கேயோ வெளிநாட்டு ஆற்றுச் சாதி. ஆள் வந்ததும் மீசையை முன்னே நீட்டிக்கொண்டு எழுந்து கண்ணாடிக்கு வந்தது.

“இதுக்குச் செதிலே கெடையாது பாத்துக்கங்க. ஒடம்பு பூராம் வெறும் தோலு. தண்ணியில எது விழுந்தாலும் மேலு வழியாவே உள்ள போயிரும். நீங்க மாடியில இருந்தாலும் கீழ வரப்போக இருப்பீக. அதான் மொதல்லயே சொல்லிர்றேன். இந்த வீட்டுக்குள்ள வர்ற கைய நான் பாப்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன், பல நாள். ஆனால் அங்கே இருந்த காலம் முழுக்க, அலுவலகம் போகும்போது இட்லி கொடுத்து அனுப்பியது அக்காவின் கைதான். காய்ச்சல் வந்தபோது நெற்றியில் பற்றுப் போட்டதும் அதுதான். போட்டுவிட்டு நேரே பின்கட்டுக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவும். அக்காவின் உள்ளங்கை எப்போதும் ஊறி, சுருங்கி, வெளுத்துப் போயிருக்கும்.

அவருக்கு நான் பேங்க்கம்மா. எனக்கு அவர் அக்கா, அவர் கணவர் அண்ணன். உறவு முறைக்கு இது சரிவராது என்று எனக்கும் தெரியும். குடக்கூலிக்கு இருப்பவர்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது.

அக்கா ஓரிடத்தில் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. பின்கட்டில் வரிசையாக நீல டிரம்கள். குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து, மூடி திறந்து போட்டு, குளோரின் வாடை போகும் வரை ஊறப் போடுவார். ‘பழுத்த தண்ணி’ என்பது அதற்கு அவர் வைத்த பெயர். நகராட்சிக்காரர்கள் பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாகக் கொட்டிவிட்ட நாளில் குழாயைத் திறந்த மாத்திரத்தில் மூக்கைச் சுளித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி வைவார். மின்சாரம் போனால் மின்விசிறி சுற்றி ஓயும் முன்பே, தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரின் சத்தம் நின்றதை அவர் காது பிடித்துவிடும். எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவார். பேட்டரியில் மோட்டார் ஓடி, குமிழி மறுபடி கிளம்பும் வரை அவருக்கு மூச்சு வராது. மீன் என்னவோ நிம்மதியாகத்தான் கிடக்கும்.

மீனைத் தொட்டி மாற்றுவதானால் வலை கூடாது என்பது இன்னொரு சட்டம். ஒருமுறை கண்ணாடி ஓரத்தில் கசிவு கண்டு ஒட்டுவதற்காக மீனை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. உதவிக்கு வந்த ஒருவர் நல்லெண்ணத்தில் வலையோடு வந்தார். அக்கா அதைப் பிடுங்கித் தெருவில் வீசினார். “பக்கத்துச் செறகுல முள்ளு இருக்குய்யா. பயந்தா வெறைச்சுக்கிட்டு நிப்பாட்டிரும். வலையில மாட்டிக்கிட்டா ஒண்ணு வலைய அறுக்கணும், இல்ல முள்ள ஒடிக்கணும். எத ஒடிக்கச் சொல்றீக?” பிறகு நனைத்த போர்வையை உள்ளே இறக்கி, தொட்டில் போல அதில் ஏந்தித்தான் தூக்கினார்கள். வெளியே வந்ததும் மீன் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டது. மீனுக்குக் குரல் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் முதலில் சிரிப்பாகவும், போகப் போக எரிச்சலாகவும் இருந்தது. குழம்பு வைத்தால் எத்தனை பேருக்குக் காணும் என்று கேட்காத ஆள் இல்லை. கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடேன் என்று சொன்ன ஒரு பெரியவரிடம், “வாய்க்குள்ள போறதையெல்லாம் முழுங்குற சென்மம். பெரியாத்துல விட்டா அங்கன இருக்குற குஞ்சுகுளுவான் ஒண்ணு மிஞ்சாது. நாம வளத்தத நாமதான் வச்சுப் பாக்கணும்” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஆனால் நாத்தனார் வந்த நாளை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். அவரும் அவர் வீட்டுக்காரரும், தட்டும் பழமுமாக. கையெல்லாம் சந்தனம். அக்கா நிலைப்படியில் நின்றபடி, “கையக் காட்டுங்க மதினி” என்றார். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வேண்டாம் அக்கா, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. நாத்தனார் கையைக் காட்டவில்லை. பத்திரிகைத் தட்டை வாசற்படியில் வைத்தார்.

“சம்பந்தம் பேசி முடிச்ச வீட்டுலகூட என்னைய வெளிய நிறுத்தல. ஒரு கெளுத்திக்காகக் கூடப்பொறந்தவ நெலையில நிக்கிறா” என்று யாருக்கோ சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அண்ணன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினார். கல்யாணத்துக்கு அண்ணன் மட்டும்தான் போய்வந்தார். அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடமும் அதே குரலில் கையைக் காட்டச் சொன்னார்.

எல்லாரையும்விட அதிகம் கை காட்டியவர் அண்ணன்தான். சுருளிப்பட்டிப் பக்கம் அவருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்காமல் தீராது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு பந்தலுக்குள் இறங்கிவிடுவார். மயில்துத்தம் என்கிற அந்த நீல உப்பு செதிலில்லாத மீனுக்கு எமன். சாயங்காலம் பைக்கை நிறுத்திவிட்டு நேரே பின்கட்டுக்குப் போய், புளி போட்டுத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டு, பிறகு வெறும் தண்ணீரில் கழுவி, கூடத்துக் கதவில் வந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டுவார். தோட்டத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற மனிதர். அக்கா குனிந்து முகர்வார். சரி என்றால் தலையை அசைப்பார். சரியில்லை என்றால் அன்றைக்கு அண்ணனுக்குச் சோறு பின்கட்டில்தான். சரியான நாளிலும் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மர முக்காலி கிடக்கும், அதைத் தாண்டக் கூடாது. மீனுக்குத் தீனி போடவோ கண்ணாடியைத் துடைக்கவோ அவருக்கு உரிமை இல்லை.

ஒரு நாளும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. ஒருநாள் வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

“ஏங்க்கா, அண்ணன இப்பிடியா போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்துற மாதிரி நிறுத்துறது?”

அக்கா இறாலின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார். “நாலு உசுரு போயிருக்கு பேங்க்கம்மா. அவுக கையால.”

அக்காவின் மகன் வேலைக்காக வெளிநாடு போனபோது, ஆசையாக வளர்த்த ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதில் நாலு புள்ளிக் கெளுத்திகள், விரல் நீளம்தான் இருக்கும். பாத்துக்கம்மா என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவன், போனில் அம்மாவை விசாரிக்கும் முன் அவற்றைத்தான் விசாரிப்பானாம். ஒரு மழைக்காலத்தில் நாலும் ஒரே பகலில் துடித்துத் துடித்து மேலே மிதந்தன. தேனியில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு, மருந்து அடிக்கிற கை தண்ணீரில் பட்டிருக்கும் என்று சொன்னார். அதற்கு முந்தின நாள்தான் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்து தீனி போட்டிருந்தார்.

“எம் மகன் போன்லயே அழுதான். அவுகளக் கூப்புட்டு, இத்தன வருசமா மருந்தடிக்கிறீகளே, கை கழுவக்கூடத் தெரியாதான்னு கேட்டான். அவுக ஒண்ணுமே பேசல. தப்பு பண்ணிட்டேன்யான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கல்லு மாதிரி நின்னாக. அதோட சரி. அவன் அவுககூடப் பேசறது இல்ல.”

அக்கா அதன்பிறகு தனியாகத் தேனிக்குப் பஸ் ஏறிப் போய், விரல் நீளத்தில் இந்தச் செவ்வாலை வாங்கி வந்திருக்கிறார். தொட்டி அளவுக்குத்தான் வளரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். அது மீனுக்குத் தெரியவில்லை. தொட்டிகள் மாறி மாறி, கடைசியில் சுவரை இடித்துச் சிமெண்டுத் தொட்டி கட்ட வேண்டியதாயிற்று. “இத ஒண்ணையாவது அவன் வர்ற வரைக்கும் உசுரோட வச்சிருந்து காட்டணும்” என்றார் அக்கா, அடுத்த இறாலை எடுத்தபடி.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வீடியோவில் வருவான். அக்கா போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்து மீனைக் காட்டுவார். அவன் சிரிப்பதும் மீனைக் கொஞ்சுவதும் கூடத்துக்கு வெளியிலும் கேட்கும். வெளியே செருப்பு விடுகிற இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். “அப்பா நல்லாருக்காகளா?” என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். “இருக்காக” என்பார் அக்கா. போன் வைக்கப்படும். அண்ணன் எழுந்து துண்டை உதறிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புவார். என்னைப் பார்த்துவிட்டால், “குரலு தெளிவாக் கேக்குதும்மா, நல்லாத்தான் இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வீட்டில் எனக்குத் தாங்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.

அண்ணன்மேல் அக்காவுக்கு இருந்த இன்னொரு குறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பனியன். “மாசத்துக்கு ஒண்ணு வாங்குறாக. எங்கதான் போகுதோ, ஒண்ணு வீடு வந்து சேர மாட்டேங்குது. பழசாப் போனா ஒரு துணிக்காவது ஆகும்ல” என்று அங்கலாய்ப்பார். வீட்டில் துடைக்கிற துணி என்றால் அது புருஷனின் பழைய பனியன்தானே. அது இல்லாத வீடு இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. அண்ணன் காதில் விழாதது போல இருப்பார். நான்கூட, அண்ணனுக்கு வேறெங்கோ இன்னொரு வீடு இருக்கிறதோ என்னவோ என்று அக்காவைச் சீண்டியிருக்கிறேன்.

அந்த ஆவணியில் ஒருநாள் அக்கா தோட்டத்துக்குப் போய்விட்டு, ஆட்டோவில் பெரிய மூட்டையோடு வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. “பேங்க்கம்மா, கள்ளன் அகப்பட்டான்! மோட்டார் ரூம்புல சாக்குக்குப் பின்னாடி அம்புட்டையும் சொருகி வச்சிருக்காக. நான் என்ன கேக்கவா போறேன்? சின்னப் புள்ள மாதிரி!” அன்று முழுக்கத் துவைத்தார். சோடா உப்புப் போட்டு ஊற வைத்து, மூன்று தண்ணீரில் அலசினார். கொடி நிறையப் பனியன்கள் காய்ந்தன. நல்லதாக இருந்ததில் ஒன்றைக் கிழித்து, ஸ்கூட்டர் துடைக்க எனக்கும் கொடுத்தார். அண்ணன் அந்த வாரம் முழுக்கத் திராட்சைக் கொடி வெட்டு என்று தோட்டத்திலேயே தங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. கூப்பிடுகிற குரலாக அது இல்லை. படியில் நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்திலும் அக்கா கதவில் என்னை மறித்தார். கையைப் பிடித்து முகர்ந்து, “வெங்காயம். ஓடுங்க, கழுவிட்டு ஓடியாங்க” என்றார்.

கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மீன் அதன் இடத்தில் இல்லை. தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தது. திடீரென்று பாய்ந்து கண்ணாடியில் முட்டியது. மறுபடி கீழே போய்ச் சரிந்து கிடந்தது. மேலெல்லாம் கோழை போல ஒன்று பூத்து நூல் நூலாக உரிந்தது.

“காலையிலயே எறா போட்டேன், திரும்பிப் பாக்கல. காத்து மோட்டாரு ஓடுது. தண்ணி மாத்திட்டேன் பேங்க்கம்மா, பாதிக்குப் பாதி மாத்திட்டேன். கொஞ்ச நேரம் நல்லாருக்கு, மறுக்கா ஆரம்பிக்குது. என்ன பட்டுச்சுன்னே தெரியல. ஒரு கையும் உள்ள வரல. சத்தியமா ஒரு கையும் வரல.”

முதல் தடவையாக அக்கா சும்மா நிற்பதைப் பார்த்தேன். ஒரு நொடிதான். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இந்தத் தண்ணியே ஆகாது. பின்னாடி வெட்டுன சின்டெக்ஸ் இருக்கு, அதுல பழுத்த தண்ணிய ஊத்துவோம். தூக்கிரணும்” என்றார்.

தண்ணீரை நிரப்பிவிட்டோம். தூக்கத்தான் முடியவில்லை. நனைத்த போர்வையின் ஒரு முனை அக்காவிடம், இன்னொரு முனை என்னிடம். பாதி உயரம் வந்ததும் மீன் துள்ளியது. என் கை வழுக்கி, போர்வையோடு அது தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. ‘கொர்ர்’ என்று ஈனமாக ஒரு சத்தம் வந்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி போர்வையை இறக்கினார். இந்த மீன் செத்தால் இந்த அக்காவும் இருக்க மாட்டார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

வாசலில் பைக் சத்தம். அண்ணன். மகன் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை என்பதால் தோட்டத்தில் மருந்தடிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். கூடத்து வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பழக்கத்தில் கையை விரித்து நீட்டினார். மணிக்கட்டு வரை நீலம்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். என் கையில் இருந்த போர்வை முனையைப் பார்த்தார். தூக்குகிற பலம் அந்த நீலக் கைக்குத்தான் இருந்தது.

“பின்கட்டுக்கு வாங்க” என்றார் அக்கா.

அடுப்படியிலிருந்து புளியை அள்ளிக்கொண்டு ஓடினார். அண்ணனின் கைகளைத் தானே பிடித்து, செம்புப் பானை விளக்குவது போல விளக்கத் தொடங்கினார். விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாக. ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர். உள்ளே மீன் கண்ணாடியில் முட்டும் சத்தம் கேட்டது.

“அக்கா, போதும்! மீனு போயிரும்!” என்று கத்தினேன்.

“போனாப் போகட்டும். இவுக கையாலதான் போச்சுன்னு மறுக்கா ஒரு பேச்சு வரக் கூடாது” என்றார் அக்கா, தேய்ப்பதை நிறுத்தாமல். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசித் தண்ணீர் ஊற்றி முகர்ந்து பார்த்துத் தலையை அசைத்தார் அக்கா.

அண்ணன் ஓடிவந்து, முக்காலியைக் காலால் தள்ளிவிட்டுப் போர்வையை இறக்கினார். ஒரே தூக்கு. மீன் மறுபடி குரல் கொடுத்தது. கூடத்தையும் நடையையும் தாண்டி மூன்று பேரும் எப்படி ஓடினோமோ, சின்டெக்ஸ் தொட்டியில் அதை இறக்கிவிட்டோம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரை மெல்ல அளைந்து அதன் வாய்ப் பக்கம் தள்ளினார். செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நேரம் போகப் போக அந்த அடிப்பு தணிந்தது. மீசை ஒன்று அசைந்து அக்காவின் விரலைத் தொட்டது.

“வந்துட்ட” என்று அதனிடம் சொல்லிவிட்டு அக்கா அழுதார்.

காலியாகக் கிடந்த பெரிய தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக நானும் அண்ணனும் கூடத்துக்குப் போனோம். அவர் தொட்டித் தண்ணீரை வடிகட்டும் பெட்டியின் மோட்டாரை நிறுத்தி, மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை மடித்து மடித்து அடைத்திருந்தது. அண்ணன் அதை எடுத்து விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றார். துணியில் அங்கங்கே மங்கிய நீலம். துணியைச் சுருட்டிக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போல மெல்லத் தலையை ஆட்டினார்.

நடையில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“கையக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல. பழைய பஞ்சு.”

“கையக் காட்டுங்கன்றேன்.”

அண்ணன் காட்டினார். ஈரப் பனியன் துணி அவர் உள்ளங்கையில் மெதுவாக விரிந்தது. அக்கா அதைத் தொடாமல் பார்த்தார்.

“பஞ்சு கிழிஞ்சு போச்சுன்னு நாந்தான் வச்சேன். முந்தாநேத்து. மூணு தண்ணியில அலசினேனே.”

“முதுகுப் பக்கம் இருக்குற மருந்து போகாதுத்தா. ஸ்பிரேயரு ஒழுகுற எடம். தண்ணியில ஊற ஊறக் கக்கும்.”

“அப்ப அந்த நாலும்…” அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “அன்னைக்கும் தொட்டியத் தொடைக்க நான் பனியன் துணிதான போட்டேன். தொட்டிக்குள்ளயே கெடந்துச்சு.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு துணியை மடித்தார்.

“தெரியுமா ஒங்களுக்கு?”

“தொட்டியக் கழுவி எடுத்து வைக்கையில பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன் சொல்லல? இத்தன வருசமா கையக் காட்டிக்கிட்டு ஏன் நின்னீக?”

“நீ அன்னந்தண்ணி இல்லாமப் படுத்துக் கெடந்த. நீதான்டி கொன்னன்னு வந்து சொல்லச் சொல்றியா? ஏங் கையின்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். பனியன மட்டும் வீட்டுக்குக் கொண்டாரல. அம்புட்டுத்தான்.”

அக்கா தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைப் போன். அக்கா எடுத்தார். திரையில் மகன் சிரித்தபடி, “எங்கம்மா நம்ம ஆளு?” என்றான். அண்ணன் வழக்கம்போல வெளியே போகத் திரும்பினார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏலே, இங்கன பாரு. மீனு பொழச்சுக்கிருச்சு. அதச் சொல்லல. அந்த நாலையும் கொன்னது ஒங்கப்பா இல்லடா. நாந்தான். இந்தத் துணிதான்.” துணியைத் திரைக்கு முன்னால் பிடித்தார். “அவுகளுக்கு அப்பவே தெரியும். எனக்காகச் சொல்லல.”

“விடுத்தா, இப்ப என்னத்துக்கு” என்றார் அண்ணன் தாழ்ந்த குரலில்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அவன் இருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அப்பாட்ட குடும்மா” என்றான்.

அண்ணன் இடுப்புத் துண்டில் கையை அழுந்தத் துடைத்தார். துடைத்துவிட்டு, இத்தனை வருடப் பழக்கத்தில், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அக்கா முகர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கைகளில் போனை வைத்தார்.